மண்ணிலும் பிடிக்கணும், மைலேஜும் கொடுக்கணும்: பிக்கப் வண்டிக்கு டயர் எடுப்பது

டயர் எடுக்கப் போனால் கை முதலில் தடவிப் பார்ப்பது பட்டனைத்தான், அதாவது தரையைக் கடிக்கும் ரப்பர் கட்டிகளை. பட்டன் பெரிசாக, இடைவெளி அகலமாக இருந்தால் "இது எங்கே விட்டாலும் ஏறிடும்" என்று மனசு தீர்ப்பு எழுதிவிடும். பட்டன் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் டீசலைக் குடிப்பதிலும் மணலில் புதையாமல் காப்பதிலும் அதைவிடப் பெரிய பங்கு வேறு இரண்டுக்கு உண்டு. ஒன்று, டயரின் உடம்பு எவ்வளவு கனமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது. இன்னொன்று, உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்பது. முதலாவதை வாங்கும்போது ஒரே தடவை தீர்மானிக்கிறோம். இரண்டாவதை ஒவ்வொரு பயணத்திலும் மாற்றிக்கொள்ளலாம்.

அதனால் தேர்வு முறை எளிது. வண்டி வழக்கமாகப் போகும் தரைகளில் மோசமானது எதுவோ, அதைத் தாங்கும் டயர்களை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றில் உடம்பு இலேசாகவும் பட்டன் சாதுவாகவும் இருப்பதை வாங்குங்கள். மிச்சப் பிடிப்பைக் காற்றை இறக்கி வாங்கிக்கொள்ளலாம். "வழக்கமாக" என்ற சொல்தான் இங்கே பலரைக் கவிழ்ப்பது. வருடத்துக்கு ஒருமுறை போகும் சேற்றுப் பாதைக்காக, மிச்ச 364 நாளும் தார் ரோட்டில் இரைச்சலையும் டீசல் செலவையும் சுமப்பது சரியான பேரம் இல்லை.

டீசல் எங்கே போகிறது

டயர் உருளும்போது தரையைத் தொடும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி, மறுபடி பழைய உருவத்துக்கு வருகிறது. நசுக்கக் கொடுத்த சக்தியை ரப்பர் முழுசாகத் திருப்பித் தராது, ஒரு பங்கைச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடும். நீண்ட தூரம் ஓடி நிறுத்திய வண்டியின் டயரைத் தொட்டால் கையில் படுவது அந்தச் சூடுதான். டயர் உருள்வதைத் தடுக்கும் விசைக்கு உருளல் எதிர்ப்பு என்று பெயர், அதன் பெரும்பகுதி இந்த நசுங்கல் இழப்பு. அதிலும் பாதிக்கு மேல் பட்டன் பகுதியிலேயே நடக்கிறது. ரப்பர் எவ்வளவு தடிமனோ, பட்டன்கள் எவ்வளவு உயரமாகத் தனித்தனியாக நின்று நெளிகின்றனவோ, அவ்வளவு சூடு, அவ்வளவு டீசல்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி 2,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உருளல் எதிர்ப்புக் கெழு (எடையில் எத்தனை பங்கு விசை உருட்டத் தேவை என்ற எண்) ஒரு டயருக்கு 0.010, இன்னொன்றுக்கு 0.013. முதல் டயரோடு வண்டியை உருட்ட சுமார் 216 நியூட்டன் விசை வேண்டும், இரண்டாவதோடு 281. வித்தியாசம் 65 நியூட்டன். இதை 100 கி.மீ. இழுத்தால் 6.5 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்தால் 12. ஆக 100 கி.மீ.க்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் கூடுகிறது. லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்த வண்டி 9.5-க்கு இறங்கும். ஐந்து சதவீதம்.

கெழு 30 சதவீதம் கூடியும் டீசல் 5 சதவீதம்தான் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். டயர் மாற்றியதும் "மைலேஜ் பாதியாகிவிட்டது" என்று சொல்பவர்களின் வண்டியில் டயரோடு வேறு ஏதோ சேர்ந்து மாறியிருக்கும். பெரிய அளவு டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், கூரை மேல் ராக், கோணல் மாணலான அலைன்மென்ட் என்று ஏதாவது ஒன்று. இல்லாவிட்டால் அளந்த முறையில் தப்பு.

அளப்பதில் நடக்கும் ஏமாற்று

பழைய டயரையும் புது டயரையும் ஒப்பிடும்போது மூன்று பிழைகள் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. மூன்றும் புது டயரைக் கெட்டதாகக் காட்டும்.

முதல் பிழை தேய்மானம். 8 மி.மீ. ஆழத்தோடு வந்த டயர் 2 மி.மீ.க்குத் தேய்ந்திருந்தால் அதன் விட்டம் 12 மி.மீ. குறைந்திருக்கும். 265/65 ஆர் 17 டயரின் (265 மி.மீ. அகலம், அதில் 65 சதவீதம் பக்க உயரம், 17 இஞ்ச் ரிம்) விட்டம் புதிதில் 776 மி.மீ. தேய்ந்தபின் 764. சக்கரம் சின்னதானால் ஒரே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும். ஓடோமீட்டர் சுற்றைத்தான் எண்ணுகிறது. ஆகவே மொட்டை டயரில் அது 1.5 சதவீதம் கூடுதல் தூரம் காட்டிக்கொண்டிருந்தது. புது டயர் போட்டதும் அந்தப் பொய் நின்றுபோகிறது, மைலேஜ் "விழுகிறது".

இரண்டாவது, அளவு மாற்றம். பலர் புது டயரோடு ஒரு படி மேலேயும் போவார்கள், 265/70 ஆர் 17-க்கு. அதன் விட்டம் 803 மி.மீ. தேய்ந்த 764-லிருந்து 803 என்றால் 5 சதவீதம். உண்மையில் 525 கி.மீ. ஓடிய வண்டி, பழைய கணக்கில் 500 என்று காட்டும். மேலே கணக்கிட்ட 5 சதவீத உண்மை நஷ்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு 5 சதவீதக் கற்பனை நஷ்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மூன்றாவது, தேய்ந்த டயர் உண்மையிலேயே எளிதாக உருளும். சூடாவதற்குப் பட்டனில் ரப்பர் மிச்சமில்லை. ஒரு டயர் தன் ஆயுளிலேயே நல்ல மைலேஜ் கொடுப்பது கழற்றி எறியும் வாரத்தில்தான். அந்த எண்ணை வைத்துப் புது டயரை மதிப்பிடுவது நியாயமே இல்லை.

சரியாக அளக்க, தூரத்தை ஜிபிஎஸ்ஸில் எடுங்கள். டேங்கை ஒரே பம்பில், ஒரே மாதிரி நிரப்பி, குறைந்தது 500 கி.மீ. ஓட்டி மறுபடி நிரப்புங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபார்த்திருக்க வேண்டும். புது டயரின் முதல் 500 கி.மீ.யைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு நிரப்பலை வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம், எதிர்க்காற்று ஒன்றே 5 சதவீதத்தை விழுங்கிவிடும். மூன்று நிரப்பல்களின் சராசரி போதும்.

பட்டன் வகைகள்

எச்/டி என்றால் தார் ரோட்டுக்கானது, ஏ/டி எல்லாத் தரைக்கும், எம்/டி சேற்றுக்கு. ஏ/டிக்கும் எம்/டிக்கும் நடுவில் ஆர்/டி என்று ஒன்றை இப்போது விற்கிறார்கள். இவை விற்பனைப் பெயர்கள். எந்த அளவுகோலும் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் கிடையாது. ஒரு கம்பெனியின் ஏ/டி இன்னொரு கம்பெனியின் எச்/டி போல சாதுவாக இருக்கும், வேறொன்றின் ஏ/டி எம்/டிக்கு அண்ணன் மாதிரி நிற்கும். பெயரை விட்டுவிட்டு டயரைப் பாருங்கள்.

முதலில் ஆழம். எச்/டியில் பொதுவாக 8 முதல் 9 மி.மீ., ஏ/டியில் 10 முதல் 13, எம்/டியில் 14 முதல் 16 வரை வரும். மைலேஜும் வேண்டும் என்பவருக்கு 10 முதல் 11 மி.மீ. ஆழமுள்ள ஏ/டி நல்ல இடம். 13 மி.மீ. டயர் கூடுதல் நாள் உழைக்கும் என்பது உண்மை. அந்த ஆயுளின் முதல் பாதி முழுக்க உயரப் பட்டனை நெளித்துக்கொண்டு ஓடுவதற்கான டீசலையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

அடுத்து நடுப்பகுதி. தார் ரோட்டில் எடை அதிகம் நிற்பது அங்கே. நடுப் பட்டன்கள் ஒன்றோடொன்று பின்னிக் கொண்டோ, அடியில் பாலம் போட்டது போல இணைந்தோ இருந்தால் நெளிவு குறையும், இரைச்சல் குறையும், மைலேஜ் தாங்கும். தனித்தனித் தீவுகளாக நின்றால் நேர்மாறு. கிடைக்கும் டயர்களில் என் ஓட்டு, நடுவில் நெருக்கமாகவும் தோள்பட்டையில் திறந்தும் இருப்பதற்கு. தோளில் உள்ள அகலமான வாய்கள்தான் சரளையிலும் மேட்டிலும் கடித்துக்கொள்பவை, அவை மைலேஜைப் பெரிதாகத் தொடுவதில்லை.

பட்டன் மேல் கத்தியால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் தெரியும். ஈரத் தாரில் நீரைக் கிழித்துப் பிடிப்பவை இவை. பல எம்/டி டயர்களில் இவை பேருக்குத்தான் இருக்கும். மழையில் எம்/டி வழுக்குவதற்கு இதுவும், தரையைத் தொடும் ரப்பர் குறைவாக இருப்பதும் காரணம். விரல் நகத்தை விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். மேலோட்டமான வெட்டாக இருந்தால் டயர் பாதி தேயும் முன்பே ஈரப் பிடிப்பு போய்விடும். பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் இருந்தால், அவை கல் உள்ளே மாட்டித் துளைத்துக்கொண்டு போகாமல் தள்ளிவிடுபவை. சரளை ரோட்டில் அதிகம் ஓடுபவர் இவை இல்லாத டயரை எடுக்க வேண்டாம்.

சிலிகா கலந்த ரப்பர் சூடு குறைவாக்கும், ஆகவே மைலேஜ் டயர்களில் அது கூடுதல். கூர்மையான கல்லில் அப்படிப்பட்ட ரப்பர் பொடிப்பொடியாகப் பெயரும். கல்லுக்கென்று செய்த ரப்பர் வெட்டுக்கு நிற்கும், உருள்வதில் கொஞ்சம் சோம்பல். இரண்டையும் ஒரே டயரில் முழுசாகத் தருவதாக விளம்பரம் சொன்னால் ஒரு சிட்டிகை சந்தேகத்தோடு கேளுங்கள்.

ஐரோப்பிய டயர் லேபிளில் ஏ முதல் இ வரை எழுத்து இருக்கும். பயணி வண்டி டயரில் ஏ என்றால் டன்னுக்கு 6.5 கிலோ அல்லது அதற்குக் கீழே எதிர்ப்பு, இ என்றால் 10.6-ம் அதற்கு மேலும். கிடைத்தால் பாருங்கள், நல்ல துணை. ஆனால் இலகு லாரிக்கான எல்டி டயர்கள் விழும் இலகு சரக்கு வகைக்கு எல்லைகள் வேறு. அங்கே ஏ வாங்க 5.5-க்குள் இருக்க வேண்டும். ஆகவே இரு வகைகளின் எழுத்துகளை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. தீவிரமான எம்/டி டயர்கள் பலவற்றுக்கு இந்த லேபிளே இருக்காது, விதி அவற்றை விலக்கி வைத்திருக்கிறது. பனியில் ஓட்டுபவர் எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்தை நம்ப வேண்டாம், மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரையைத் தேடுங்கள். சோதித்துக் கொடுப்பது அதுதான்.

உடம்பு: பெரிய தப்புகள் நடக்கும் இடம்

ஒரே அளவு, ஒரே பட்டன், ஒரே பெயர். ஆனால் ஒன்று பயணி வகை, இன்னொன்று எல்டி. அளவுக்கு முன்னால் எல்டி என்று எழுதியிருந்தால் அது இலகு லாரிக்கான கட்டுமானம். 265/70 ஆர் 17 அளவில் பயணி வகை 16 முதல் 18 கிலோ இருக்கும். எல்டியில் லோடு ரேஞ்ச் (சுமை தாங்கும் படி) இ எடுத்தால் 21-லிருந்து 25 வரை போகும். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயரில் 15 முதல் 45 கிலோ வரை கூடுகிறது. அதுவும் ஓரத்தில் சுற்றும் எடை. ஓரத்தில் சுற்றும் ஒரு கிலோவை வேகமெடுக்க வைக்க, வண்டிக்குள் கிடக்கும் ஒரு கிலோவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும். நின்று நின்று ஓடும் நகரப் போக்குவரத்தில் இது மைலேஜிலும் பிரேக் பேடிலும் தெரியும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

லோடு ரேஞ்ச் சி, டி, இ என்பவற்றை 6, 8, 10 பிளை என்று சொல்வார்கள். உள்ளே பத்து அடுக்கு துணி இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பழைய பருத்தித் துணிக் காலத்து அளவீடு அது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. சைடுவாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், எத்தனை அடுக்கு என்பதை டயரிலேயே எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் இரண்டு, சிலவற்றில் மூன்று. கூர்மையான கல் நிறைந்த பாதைக்கு அந்த மூன்றாவது அடுக்கு மதிப்புள்ளது. காடு மேட்டில் டயர் சாவது சைடுவாலில்தான், அங்கே விழுந்த வெட்டை நம்பகமாகப் பஞ்சர் ஒட்ட முடியாது.

அப்படியானால் எல்டி யாருக்கு? லோடு ஏற்றுபவர், இழுவை வண்டி கட்டுபவர், கூர்மையான கல்லில் வாரா வாரம் போகிறவர். மற்றவருக்கு, அதாவது மண் ரோடு, சரளை, மணல், புல்வெளி, கொஞ்சம் சேறு என்று போகிறவருக்கு, பயணி வகையிலேயே வரும் ஏ/டி போதும். மைலேஜ் விஷயத்தில் எடுக்கக்கூடிய பெரிய முடிவு இதுதான். பட்டனை எச்/டியிலிருந்து ஏ/டிக்கு மாற்றுவதைவிட, உடம்பைப் பயணி வகையிலிருந்து இ ரேஞ்சுக்கு மாற்றுவது பல வண்டிகளில் கூடுதலாக டீசல் குடிக்கும். வாங்கும்போது எடையைக் கேளுங்கள். தயாரிப்பாளரின் விவரத்தாளில் இருக்கும். இல்லையென்றால் தராசில் வைத்துப் பார்த்தால் போகிறது.

எல்டி எடுத்தவர்கள் செய்யும் தப்பு காற்றில் வருகிறது. கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று இருக்கும், எல்டியிலும் அதையே அடிப்பார்கள். எண்களைப் பாருங்கள். 265/70 ஆர் 17 பயணி வகையில் லோடு இண்டெக்ஸ் (ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீட்டு எண்) 115 என்றால் 36 பிஎஸ்ஐ அளவிலேயே 1,215 கிலோ தாங்கும். பயணி வகையைப் பிக்கப்பில் போட்டால் அந்த எண்ணை 1.1-ஆல் வகுக்க வேண்டும் என்பது முறை. வகுத்தால் 1,105 கிலோ. அதே அளவு எல்டி, சி ரேஞ்சில் இண்டெக்ஸ் 112, அதாவது 1,120 கிலோ, ஆனால் 50 பிஎஸ்ஐயில். இ ரேஞ்சின் 121 இண்டெக்ஸ் 1,450 கிலோ கொடுப்பது 80 பிஎஸ்ஐயில். அதிலும் 50 மட்டும் அடித்தால் தாங்குவது அதே 1,120 பக்கம்தான். கனமான டயர் என்பதால் குறைந்த காற்றில் கூடுதலாகத் தாங்கும் என்பது நினைப்பு. நடப்பது நேர் எதிர். எடையைச் சுமப்பது காற்று, டயர் அந்தக் காற்றை அடைத்துவைக்கும் பை.

35-ல் ஓடும் எல்டி என்ன செய்யும்? ஸ்டியரிங் பிந்தும், வளைவில் வண்டி ஆடும், இரு ஓரமும் தேயும், சூடாகும், டீசல் குடிக்கும். லோடும் சேர்ந்து வெயிலும் சேர்ந்தால் பட்டன் உரிந்து பறக்கவும் கூடும். மறுபக்கம், சைடுவாலில் எழுதிய 80 பிஎஸ்ஐயை அப்படியே அடிப்பவரும் உண்டு. அது உச்ச லோடுக்கான எண். காலி வண்டியில் 80 அடித்தால் பின்பக்கம் சரளையில் துள்ளும், நடுப்பட்டன் மட்டும் தேயும், ஈரத்தில் பிரேக் பிடிக்காது. சரியான எண்ணை எடுக்க, எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக, வழக்கமான சுமையோடு எடை போடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டால் வகுத்து, டயர் தயாரிப்பாளரின் லோடு அட்டவணையில் அந்த எடைக்கான அழுத்தத்தைப் பாருங்கள். அதற்கு மேல் 3 முதல் 5 பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளலாம். வண்டியோடு வந்த அதே வகை டயர் என்றால் இவ்வளவு சிரமம் வேண்டாம், ஸ்டிக்கர் எண்ணே சரி.

சரிபார்க்க ஒரு கை வைத்தியம்: குளிர்ந்த டயரில் அளந்துவிட்டு, ஒரு மணி நேரம் ஓட்டியபின் சூட்டோடு மறுபடி அளங்கள். பயணி வகையில் 4 பிஎஸ்ஐ, எல்டியில் 6 பிஎஸ்ஐ வரை ஏறினால் சரி. அதற்கு மேல் ஏறினால் டயர் அதிகம் நசுங்கிச் சூடாகிறது, காற்று பற்றவில்லை என்று பொருள். அந்தச் சூட்டிலேயே காற்றை வெளியே விட்டுவிடாதீர்கள், அது பிழையை இன்னும் பெரிதாக்கும்.

தார் ரோட்டில் நான்கு டயரிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் சராசரியாக 0.2 சதவீதம் டீசல் கூடும். ஒற்றையாகப் பார்த்தால் சொற்பம். ஆனால் வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் 1 பிஎஸ்ஐ தானாக இறங்கும், மாதம் ஒன்றோ இரண்டோ கசியும். மூன்று மாதம் பார்க்காவிட்டால் 6 வரை குறைந்திருக்கும்.

அளவில் அகலக்கால் வைக்காதீர்கள்

265/65-லிருந்து 265/70-க்குப் போனால் தரையிலிருந்து உயரம் கூடுவது விட்ட வித்தியாசத்தில் பாதி, அதாவது 13 மி.மீ. அதற்குக் கொடுக்கும் விலை: கியர் 3.4 சதவீதம் நீளமாகும், மேட்டில் ஒரு கியர் கீழே இறங்க வேண்டி வரும், பிரேக் அதே அளவு பலவீனமாகும், இதுவரை சரியாகக் காட்டிய ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது 103-க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். அந்த 13 மி.மீ. உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று யோசியுங்கள். அகலம் கூட்டினால் காற்றை எதிர்க்கும் முகப்பும் எடையும் கூடும். மணலில் அகலம் உதவும் என்பார்கள். காற்றை இறக்கினால் தடம் நீளவாக்கில் வளர்வதுதான் அங்கே பெரிய உதவி, அகலம் கொஞ்சம்தான் கூடும். என் பரிந்துரை கம்பெனி அளவு, இல்லையென்றால் ஒரே ஒரு படி உயரம், அகலம் அப்படியே. மாற்றினால் ஸ்டியரிங்கை முழுசாக இரு பக்கமும் ஒடித்து, ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றி சஸ்பென்ஷனை அமுக்கி, மட்கார்டின் உள்பக்கமும் மட் ஃபிளாப்பும் உரசுகிறதா என்று பாருங்கள். நின்ற இடத்தில் உரசாதது குழியில் உரசும்.

இறக்கி ஓட்டுவது

இரண்டு, இரண்டரை டன் வண்டிக்கு, பயணி வகை டயரில், தொடங்க ஏற்ற எண்கள் இவை. அலை அலையான சரளை ரோட்டுக்கு 26 முதல் 28 பிஎஸ்ஐ. கல் பாதையில் மெதுவாக ஏற 20 முதல் 22. சேற்றுக்கும் அதே. மணலுக்கு 16 முதல் 18, புதைந்துவிட்டால் 14 அல்லது 15. ரிம்மில் டயரைப் பூட்டிவைக்கும் அமைப்பு இல்லாத சாதாரண ரிம்மில் 15-க்குக் கீழே போய் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால், டயர் ரிம்மை விட்டு நழுவும். எல்டி டயரின் சைடுவால் விறைப்பு, அதே அளவு பரவ இன்னும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறக்க வேண்டியிருக்கும். லோடு இருந்தால் இந்த எண்கள் எல்லாம் மேலே ஏறும்.

வேகம் இதோடு கட்டப்பட்டது. 18-ல் 40 கி.மீ.க்கு மேல் வேண்டாம், 26-ல் 70, 80. இறக்கிய காற்றோடு தார் ரோட்டில் ஏறிப் பத்து கி.மீ. பறப்பதுதான் நல்ல டயர்களைக் கொல்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே சைடுவால் வெந்து போயிருக்கும். ஒரு வாரம் கழித்து வெடித்தால் "டயர் மட்டம்" என்று பழி.

ஏற்ற ஒரு கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்க வேண்டும். 17 இஞ்ச் டயரை 18-லிருந்து 35-க்கு ஏற்ற சுமார் 80 லிட்டர் காற்று, நாலுக்கும் 320. உண்மையில் நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளும் கம்ப்ரஸர் எட்டு நிமிடத்தில் முடிக்கும். பெட்டி மேல் எழுதிய எண் எதிரழுத்தம் இல்லாதபோது அளந்தது, அதில் பாதியைத்தான் நம்பலாம். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னக் கம்ப்ரஸர்கள் இந்த வேலைக்கு அரை மணி நேரம் எடுக்கும். அந்தச் சோம்பலிலேயே மக்கள் காற்றை இறக்காமல் இன்னும் முரட்டு டயர் தேடிப் போகிறார்கள்.

காற்றால் தீராத தரை ஒன்று உண்டு: ஒட்டுகிற களிமண். அங்கே சாதுவான ஏ/டியின் இடைவெளிகள் அடைத்துக்கொண்டு டயர் வழவழப்பான உருளையாகிவிடும். அகன்ற வாயுள்ள எம்/டி மட்டும் சுற்றும் வேகத்தில் மண்ணை உதறும். வேலையே அப்படிப்பட்ட நிலத்தில் என்றால் மைலேஜை மறந்துவிட்டு எம்/டி எடுங்கள், அல்லது தனி ரிம்மில் இரண்டாவது செட் வைத்துக்கொள்ளுங்கள். மணலில் கதை தலைகீழ். முரட்டுப் பட்டன் அங்கே தோண்டும், சாது டயர் மேலே மிதக்கும்.

மாட்டிய பிறகு

அலைன்மென்டில் டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) கொஞ்சம் தப்பினாலே டயர் உருள்வதோடு பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டும் போகும். மைலேஜும் பட்டனும் சேர்ந்து போகும். பட்டன் மேல் உள்ளங்கையை ஒரு திசையில் தடவினால் வழவழ, மறு திசையில் ரம்பம் போல இருந்தால் அதுதான். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுங்கள். ஃபோர் வீலில் பின்னவை நேராக முன்னுக்கு, முன்னவை குறுக்காகப் பின்னுக்கு. ஏ/டியில் இதைத் தள்ளிப்போட்டால் பட்டனின் ஒரு முனை உயர்ந்து ஒரு முனை தாழ்ந்து, இரைச்சல் மாதா மாதம் கூடும். ஒருமுறை அந்த வடிவம் ஏறிவிட்டால் முழுசாகப் போகாது.

வாங்கும்போது சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். ஃபோர் வீலில் முன்னும் பின்னும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். விட்டம் மாறினால் ஃபோர் வீல் போட்ட நேரத்தில், சக்தியை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஆகவே ஸ்டெப்னியும் மற்ற நான்கின் அளவிலேயே இருக்கட்டும், முடிந்தால் அதையும் இடமாற்றச் சுற்றில் சேருங்கள். புது அளவு எடுத்தவர்கள் அந்த ஐந்தாவது டயர் வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி இடத்தில் நுழைகிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். 803 மி.மீ. டயர், 776-க்குச் செய்த இடத்தில் எல்லா வண்டியிலும் போவதில்லை.